வீட்டு ஸ்டூடியோவில் 'உம்ம்ம்' சத்தம்: முதல் காசை எதில் போடுவது?

மைக் நல்ல மைக். மைக்கை லேப்டாப்போடு சேர்க்கிற இன்டர்ஃபேஸ் பெட்டி புதுசு. ஜன்னலுக்குக் கனமான போர்வை தொங்கவிட்டாயிற்று, ஃபேனை நிறுத்தியாயிற்று, தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அப்படியும் ஹெட்போனைக் காதில் வைத்தால் அடியில் 'உம்ம்ம்' என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் ஒலிப்பதிவு செய்கிற யாரிடம் பேசினாலும் இந்தப் பேச்சு வந்துவிடும், கூடவே அடுத்த கேள்வியும் வந்துவிடும்: என்ன வாங்கினால் இது போகும்? வாத்தியத்தின் சிக்னலை மைக் லைனுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸா, யுஎஸ்பி ஐசொலேட்டரா, பவர் கண்டிஷனரா, எடிட்டிங்கில் அழிக்கிற பிளகினா, இல்லை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைச் சரிபண்ணுவதா?

இதில் எதுவும் ஏமாற்று வேலை இல்லை. ஒவ்வொன்றும் சத்தம் வரும் ஒரு குறிப்பிட்ட வழியை அடைக்கிறது. அந்த வழியாகச் சத்தம் வரவில்லை என்றால் வாங்கிய பெட்டி அலமாரியில் கிடக்கும், அவ்வளவுதான். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊர் வீடுகளில், குறிப்பாகப் பழைய வீடுகளில், முதல் காசு எர்த்துக்குப் போக வேண்டும், இரண்டாவது காசு ஒரு சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மருக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் அதற்கப்புறம். ஏன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருச்சியில் ஒரு பழைய வீட்டின் மாடிப் போர்ஷன், வாடகைதான். தங்கை பாடுவாள், வீணையும் வாசிப்பாள். பதிவு செய்வது என் வேலை. பாட்டுக்கு எக்ஸ்எல்ஆர் கேபிளில் ஒரு கண்டென்சர் மைக். அடாப்டரில் ஓடும் எலக்ட்ரானிக் தம்பூராவிலிருந்து ஒரு லைன். வீணையில் பின்னால் பொருத்திய காந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்குவது), அதிலிருந்து கிட்டாருக்குப் போடும் சாதாரண கேபிள். எல்லாம் ஒரு இன்டர்ஃபேஸுக்குள் போய், யுஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குப் போகிறது. கேட்பதற்கு இரண்டு பவர்டு ஸ்பீக்கர்.

சத்தம் இருப்பதே முதலில் எங்களுக்குச் சத்தமாகத் தெரியவில்லை. தம்பூரா ஸ்ருதி சேரவில்லை என்றுதான் தங்கை சொன்னாள். அவள் பாடும் சுருதி 5 கட்டை. தம்பூராவில் மந்தர ஷட்ஜம், அதாவது கீழ் ஸா, 98 ஹெர்ட்ஸில் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரண்டாவது மடங்கு 100. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு இரண்டு தடவை விம்மும். பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில் 'விம்மல்' என்று படித்தோமே, அதேதான். தம்பூராவின் சுருதித் திருகை எவ்வளவு நுணுக்கித் திருப்பினாலும் அந்த ஆட்டம் போகவில்லை. பாடுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று பாடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கிட்டார், கீபோர்டு ஆட்களுக்கு ஹம், அதாவது இந்த 'உம்ம்ம்', என்பது பின்னணியில் ஓடும் ஓர் அழுக்கு. கர்நாடக சங்கீதத்தில், அதிலும் 5 கட்டையில், அது நேராக ஷட்ஜத்தின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எதையும் வாங்குவதற்கு முன்னால்

அரை மணி நேரச் சோதனை இது, செலவு கிடையாது. சத்தம் பதிவாகிற கோப்பில் இருக்கிறதா, ஸ்பீக்கரில் மட்டும் கேட்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பத்து நொடி மௌனத்தைப் பதிவு செய்து, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஹெட்போனில் கேளுங்கள். பதிவு சுத்தமாக இருந்து ஸ்பீக்கர் மட்டும் உறுமினால் பிரச்சினை வெளியே போகும் பக்கம். மைக், பிக்கப், டிஐ பாக்ஸ் எதையும் தொட வேண்டியதில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மைக்கை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சத்தம் அந்த நொடியே நின்றால் சார்ஜர் வழியாக ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். நிற்கவில்லையா, இன்டர்ஃபேஸில் செருகியிருக்கும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் பத்து நொடி பதிவு செய்யுங்கள். எந்தக் கேபிளைக் கழற்றியதும் குறைகிறதோ அதுதான் வழி. வாத்தியத்தில் காந்த பிக்கப் இருந்தால் வாத்தியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். திசை மாற மாறச் சத்தம் ஏறி இறங்கினால் அது காற்றில் இருக்கும் காந்தப்புலம், எந்த எர்த்தும் அதைச் சரிசெய்யாது.

சத்தத்தின் தன்மையும் நிறையச் சொல்லும். மிருதுவான 'உம்ம்ம்' என்றால் 50, 100 ஹெர்ட்ஸ். எர்த் லூப்பாகவோ (எர்த் வயரும் கேபிள் உறைகளும் சேர்ந்து வளையமாகி அதில் மின்சாரம் பாய்வது), பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மராகவோ இருக்கலாம். 'ஜ்ஜ்ஜ்' என்று வண்டு மாதிரி மேல் அதிர்வெண்கள் வரை கீறினால் ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர், எல்இடி விளக்கு, சதுர அலை இன்வெர்ட்டர், இவற்றில் ஒன்று. மவுஸை அசைக்கும்போது கீச்சிடும் சத்தம் மாறுகிறதா, அது யுஎஸ்பி. 'டிட் டிட் டிட் டிர்ர்ர்' என்று விட்டு விட்டு வந்தால் மேஜைமேல் இருக்கும் போன். ஜிஎஸ்எம் போன் நொடிக்கு 217 தடவை துடித்துத் துடித்து அலை அனுப்புவதுதான் அது, போனை அடுத்த அறையில் வைத்தால் போய்விடும். சமமான 'ஸ்ஸ்ஸ்' என்றால் அது மின்சாரத்தின் பிரச்சினையே இல்லை, மைக் சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்பின் இரைச்சல். ஷூர் எஸ்எம்7பி மாதிரி 60 டெசிபல் வரை கெயின் கேட்கும் மைக்கில் அது வரும், அதற்கு எர்த் குழி தோண்டி ஒரு பயனும் இல்லை.

ஃபேன் ரெகுலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. சுழற்றச் சுழற்ற வேகம் மெல்ல மெல்ல மாறுகிற வகை, மின்னலையை வெட்டி வெட்டி அனுப்புகிறது, கீறல் சத்தம் அங்கிருந்துதான். டக் டக்கென்று ஐந்து படியில் நிற்கிற கபாசிட்டர் வகை எவ்வளவோ மேல். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை, பதிவு அறையில் மட்டும் மாற்றினாலே போதும்.

எர்த்: அலுப்பான வேலை, ஆனால் முதல் வேலை

எங்கள் சோதனையில் சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது. அன்றைக்கு இன்னொன்றும் கவனித்தேன். சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் உலோக மூடியில் புறங்கையை லேசாக வைத்து இழுத்தால் சொரசொரவென்று மணல்தாள் மேல் தடவுகிற மாதிரி இருந்தது. பிடுங்கிவிட்டுத் தடவினால் வழவழவென்று இருந்தது. நம்மில் பலர் இதை 'லேசா சுர்ருங்குது' என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம்.

அது என்னவென்றால், மூன்று முள் சார்ஜருக்குள் ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாகச் சின்ன கபாசிட்டர்கள் எர்த்துக்குப் போகின்றன. எர்த் நன்றாக இருந்தால் அந்தத் துளிக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதியளவு, அதாவது 115 வோல்ட் அளவுக்கு, லேப்டாப்பின் உடம்பு மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் அடிக்காது, சுர்ரென்னும். அந்தக் கசிவு போகிற வழி தேடும். யுஎஸ்பி கேபிளின் உறை, இன்டர்ஃபேஸ், அங்கிருந்து வீணைக் கேபிளின் உறை, அப்புறம் வீணையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மனுஷி. சிக்னல் போகிற பாதையிலேயே கசிவும் போகிறது, சத்தமாகக் கேட்கிறது.

முதலில் வந்த எலக்ட்ரீஷியன் ஐந்து நிமிடத்தில் வைத்தியம் சொல்லிவிட்டார். "அந்தப் பெரிய முள்ளை எடுத்துட்டா சத்தம் நின்னுடும் தம்பி." பல இடங்களில் நிற்கவும் செய்யும் என்பதுதான் இதில் பயங்கரம். எர்த்தைத் துண்டித்தால் லூப் அறுந்துபோகும், சத்தமும் போகும், அதோடு ஒரு சாதனத்தில் ஃபேஸ் வயர் கழன்று உடம்பில் பட்டால் காப்பாற்ற இருந்த ஒரே வழியும் போய்விடும். உலோகக் கம்பியில் கையும் மைக்கின் வலையில் உதடும் ஒரே சமயத்தில் படும் வேலை நம்முடையது. ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் ஸ்வான்சியில் மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976 மே மாதம் தன் வீட்டிலேயே, எர்த் சரியில்லாத கிட்டாரோடு இருந்தபோது மின்சாரம் தாக்கிப் போனார். ஒப்பீட்டில் இந்த வழிக்கு நான் இடமே கொடுக்கவில்லை. இலவசம், உடனே வேலை செய்யும், ஆனாலும் வேண்டாம்.

இரண்டாவதாக வந்தவர் வயதான வயர்மேன். பையிலிருந்து ஹோல்டரோடு ஒரு 100 வாட் குண்டு பல்பை எடுத்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தார், பளிச்சென்று எரிந்தது. ஒரு வயரை நியூட்ரலிலிருந்து எடுத்து எர்த் துளைக்கு மாற்றினார். பல்புக்குள் இழை மட்டும் செக்கச்செவேலென்று ஒரு கோடாகத் தெரிந்தது, வெளிச்சமே இல்லை. "எர்த்து பேருக்குத்தான் இருக்கு தம்பி," என்றார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரில் 20 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நல்ல எர்த்தில் அது இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக் கூடாது. (இந்தப் பல்புச் சோதனையை நீங்களாகச் செய்யாதீர்கள். ஆர்சிசிபி, அதாவது கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிற வீட்டில் பல்பு வைத்ததும் அது விழுந்துவிடும், அது வேறு.)

கீழே தோட்டத்தில் எர்த் குழி காய்ந்து, பைப்பிலிருந்து வயர் துருப்பிடித்து அறுந்தே போயிருந்தது. வீட்டுக்காரரிடம் ஸ்டூடியோ, ஹம் என்றெல்லாம் பேசினால் எடுபடாது என்று தெரியும். கீசரைத் தொட்டால் சுர்ருங்குது என்றேன், உடனே சரி என்றுவிட்டார். பொய்யில்லை, உண்மையிலேயே சுர்ரென்றது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் என் யோசனை: உங்கள் பிரச்சினையாகச் சொல்லாதீர்கள், வீட்டின் பிரச்சினையாகச் சொல்லுங்கள், அது வீட்டின் பிரச்சினையேதான்.

இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாய். ஒரு நாள் வேலை. அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொன்னார் பெரியவர். அவர் சொன்னது சரி. நம் வீட்டுக் குழி எர்த்தின் தடையில், ஏதாவது சாதனத்தில் கசிவு வந்தால் பழைய ஃபியூஸ் உருகும் அளவுக்கு மின்னோட்டம் பாயும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. கோடையில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் குழியில் ஊற்றுகிறோம். லேப்டாப் மூடி இப்போது சார்ஜரிலும் வழவழ. பதிவில் மைனஸ் 52 டெசிபல் சுமாருக்கு இருந்த சத்தம் மைனஸ் 70-க்குக் கீழே இறங்கியது (மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சத்தம் குறைவு), அதுவரை ஒரு ஆடியோ சாமான்கூட வாங்கவில்லை.

எர்த் வேலையில் இரண்டு தப்புகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, எர்த் இல்லாத இடத்தில் பிளக் பாயின்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் முறுக்கிவிடுவது. டெஸ்ட் பல்பு ஜோராக எரியும், நமக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்த வீட்டில் எர்த் முள் தொடுகிற எல்லா உலோகமும் ஃபேஸாகிவிடும். இன்னொன்று, ஸ்டூடியோவுக்கென்று தனியாக ஒரு குழி தோண்டி, வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவது. 'தனி எர்த் சுத்தமானது' என்று நல்ல ஒலிப்பதிவாளர்கள்கூடச் சொல்கிறார்கள். இரண்டு குழிக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும், அதனால் ஹம் கூடத்தான் செய்யும், இடி விழுந்தால் அந்த வித்தியாசம் உங்கள் சாமான்களின் வழியாகப் போகும்.

லூப்பை அறுப்பதற்கு மூன்று வழி

எர்த் நன்றானதும் வேறொன்று மிஞ்சியது. ஸ்பீக்கரில் மெல்லிய உறுமல். ஸ்பீக்கர் ஒரு சுவரில் செருகியிருந்தது, லேப்டாப் எதிர்ச்சுவரில். ஸ்பீக்கரின் எர்த், ஆடியோ கேபிளின் உறை, இன்டர்ஃபேஸ், யுஎஸ்பி உறை, லேப்டாப், சார்ஜரின் எர்த், திரும்பச் சுவருக்குள் வயர் வழியாக ஸ்பீக்கர். ஒரு பெரிய வளையம். எர்த் லூப் என்பது இதுதான். இதை அறுக்கிற இடத்தைப் பொறுத்துத்தான் செலவு.

செலவே இல்லாத வழி, எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் எடுப்பது. லேப்டாப், இன்டர்ஃபேஸ், இரண்டு ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்தாலும் சாதாரணமாக 6 ஆம்பியர் பாயின்டுக்குள் அடங்கிவிடும். வளையம் அப்படியேதான் இருக்கும், ஆனால் சுருங்கிவிடும். சுருங்கினால் அதில் பாய்வதும் குறையும். கரண்ட் கேபிளையும் ஆடியோ கேபிளையும் ஒன்றாகக் கட்டி வைக்காமல், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்கோணமாகப் போக விடுங்கள். எங்களுக்கு இதிலேயே முக்கால்வாசி போயிற்று. பாதிப் பேருக்கு இதோடு கதை முடிந்துவிடும் என்பது என் அனுமானம்.

பேட்டரியில் ஓட்டுவது இன்னொரு இலவச வழி. சார்ஜரே இல்லை, வளையமே இல்லை. இரண்டு மணி நேரம் தாங்கும் லேப்டாப் இருந்து, ஒரு தடவைக்கு இரண்டு பாட்டு பதிவு செய்கிறவர் என்றால் இதற்கு மேல் எதுவும் வாங்க வேண்டியதில்லை என்றே சொல்வேன். மிக்ஸிங்குக்கு மணிக்கணக்காக உட்காருபவர்களுக்கு ஒத்துவராது.

அப்புறம் பேலன்ஸ்டு கேபிள். இதில் சிக்னல் இரண்டு கம்பியில் எதிரெதிராகப் போகிறது, வாங்குகிற பக்கம் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது, வழியில் இரண்டிலும் ஒரேமாதிரி ஏறிய சத்தம் கழிந்துபோகிறது. இன்டர்ஃபேஸின் அவுட்புட்டும் ஸ்பீக்கரின் இன்புட்டும் இரண்டுமே பேலன்ஸ்டாக இருந்தால் நல்ல டிஆர்எஸ் கேபிள் (பிளக்கில் மூன்று தொடர்பு உள்ள, பேலன்ஸ்டு கேபிள்) இரண்டு வாங்குவதுதான் இந்தப் பட்டியலிலேயே காசுக்கு ஏற்ற வேலை. ஆனால் ஸ்பீக்கரில் பேலன்ஸ்டு அல்லாத ஆர்சிஏ துளை மட்டும் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து டிஆர்எஸ் கேபிள் வாங்கினாலும் பயனில்லை. கடையில் கேட்டால் 'போடலாம் சார்' என்பார்கள், போடத்தான் முடியும். வாங்குவதற்கு முன் சாதனத்தின் பின்பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேலன்ஸ்டு இல்லாத இடத்துக்குத்தான் டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு பக்கமும் கம்பித் தொடர்பே இல்லாமல் காந்தத்தின் மூலம் சிக்னல் மட்டும் தாண்டுகிறது. எர்த் தாண்டாது, அதனால் வளையம் அறுந்துவிடும், கரண்ட் பிளக்கில் இருக்கும் பாதுகாப்பு எர்த் தொடாமல் அப்படியே இருக்கும். இதனால்தான் நான் இதற்கு இரண்டாவது இடம் கொடுத்தேன். டிஐ பாக்ஸில் இருக்கும் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சும் இப்படித்தான், ஆடியோ கேபிளின் உறையை மட்டும் துண்டிக்கிறது. பேர் ஒன்றுபோல இருப்பதால் இதையும் பிளக்கின் முள்ளை வெட்டுவதையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். சுவிட்சைத் தாராளமாகத் தட்டுங்கள், முள்ளைத் தொடாதீர்கள்.

டிரான்ஸ்ஃபார்மரிலும் தரம் உண்டு. கார் ஸ்டீரியோவுக்கு விற்கிற 3.5 மில்லிமீட்டர் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' சில நூறு ரூபாய்தான். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சுண்டுவிரல் நகமளவு. அடித்தட்டு ஒலி, அதாவது பேஸ், சத்தமாக வந்தால் தடுமாறும். மானிட்டர் ஸ்பீக்கருக்கு அதைப் போட்டு மிக்ஸ் செய்தால் பேஸைப் பற்றிய உங்கள் கணக்கே தப்பாகிவிடும். ஆனால் எலக்ட்ரானிக் தம்பூராவுக்கு அது போதும். எங்கள் தம்பூரா லைனில் இன்றுவரை அதுதான் இருக்கிறது. ஸ்பீக்கருக்கு பெஹ்ரிங்கர் எச்டி400 மாதிரி, இரண்டு சேனல் லைன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி சரி.

வாத்தியத்துக்கு டிஐ பாக்ஸ். இதில் பாஸிவா (கரண்ட் வேண்டாதது) ஆக்டிவா (கரண்டில் ஓடுவது) என்பது பிக்கப்பைப் பொறுத்தது. வீணை, கிட்டாரின் காந்த பிக்கப்புக்குப் பாஸிவ் போதும். வயலின், வீணையின் குடம், கடம், கஞ்சிரா என்று ஒட்டிக்கொள்ளும் பீசோ காண்டாக்ட் மைக் என்றால் பாஸிவ் ஒத்துவராது. பாஸிவ் டிஐயின் இன்புட் தடை பெரும்பாலும் ஒன்றரை லட்சம் ஓமுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், பீசோவுக்குப் பத்து லட்சமாவது வேண்டும், இல்லையென்றால் கனமெல்லாம் போய் ஒலி தகரடப்பா மாதிரி வரும். அதற்கு ஆக்டிவ் டிஐ வாங்குங்கள், இன்டர்ஃபேஸ் மைக் கேபிள் வழியாகவே கொடுக்கும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரில் ஓடும்.

நான் தயங்குகிற மூன்று சாமான்கள்

யுஎஸ்பி ஐசொலேட்டர் கேட்க அழகான யோசனை: லேப்டாப்புக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே அறுத்துவிட்டால் லேப்டாப்பின் அழுக்கு எதுவும் தாண்டாது. சிக்கல் வேகத்தில். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஐசொலேட்டர்களில் பெரும்பாலானவை ஏடியூஎம்4160 போன்ற சிப்பை வைத்துச் செய்தவை, அவை நொடிக்கு 12 மெகாபிட்டுக்கு மேல் போகாது. இன்றைய ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் 480 மெகாபிட் யுஎஸ்பி 2.0 கேட்பவை. செருகினால் சில அடையாளமே தெரியாமல் இருக்கும், சில சேனலைக் குறைத்துக்கொண்டு ஓடும். யுஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுக்கும் இன்டர்ஃபேஸுக்கு அந்தப் பெட்டி போதுமான கரண்ட் கொடுக்குமா என்பது அடுத்த கேள்வி. 480 மெகாபிட்டைத் தாங்கும் ஐசொலேட்டர்களும் இருக்கின்றன, விலை பல மடங்கு. மவுஸ் அசைந்தால் கீச்சிடும் அந்தக் குறிப்பிட்ட சத்தம் உங்களுக்கு இருந்து, பேட்டரியிலும் போகாமல், வேறு யுஎஸ்பி துளையிலும் போகாமல் இருந்தால் மட்டும் அந்த விலையைக் கொடுங்கள்.

பவர் கண்டிஷனர் பார்க்க கம்பீரமாக இருக்கும், ரேக்கில் வைத்தால் ஸ்டூடியோ களை வந்துவிடும். மின்னல், வோல்டேஜ் ஏற்றம், மேல் அதிர்வெண் அழுக்கு இவற்றுக்கு அது நல்லது. எர்த் லூப்புக்கு அது எதுவும் செய்யாது, ஏனென்றால் எர்த் வயர் அதற்குள் நேராகப் புகுந்து நேராக வெளியே வருகிறது, அப்படித்தான் வரவும் வேண்டும். இன்னொன்று, அதன் ஃபில்டரில் இருக்கும் கபாசிட்டர்களும் எர்த்துக்குத்தான் கசிவைத் தள்ளுகின்றன. எர்த் செத்த வீட்டில் அதைப் போட்டால் சுர் கூடும். மின் பக்கம் வைக்கிற 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்கும் இதே பேச்சு பொருந்தும்: பாதுகாப்புக்காக எர்த்தை அதன் வழியே கொண்டுபோகத்தான் வேண்டும், கொண்டுபோனால் லூப் அப்படியே இருக்கும். அது தன் பங்குக்கு உறுமவும் செய்யும். பிக்கப் பக்கத்தில் வைத்தால் அதன் காந்தப்புலமே புது ஹம். இன்வெர்ட்டர் விஷயத்தில் மட்டும் தாராளமாகச் செலவழியுங்கள் என்பேன். கரண்ட் போனதும் கீறல் ஆரம்பித்தால் அது சதுர அலை இன்வெர்ட்டர், அடுத்து மாற்றும்போது சைன் அலை வாங்குங்கள்.

பிளகின்தான் எல்லோரும் முதலில் ஓடும் இடம், ஏனென்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே முடிகிறது. ஐசோடோப் ஆர்எக்ஸின் டி-ஹம், ரீப்பர் மென்பொருளோடு வரும் ரியாஃபிர், இலவசமான ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷன், எல்லாமே பேச்சுக் குரலுக்கு நன்றாக வேலை செய்கின்றன. பாட்காஸ்ட் செய்பவர் இதோடு நிறுத்திக்கொண்டால்கூட நான் குறை சொல்ல மாட்டேன். சங்கீதத்தில் நிலைமை வேறு. டி-ஹம் 50, 100, 150, 200, 250 என்று வரிசையாகக் கொஞ்சம் கொஞ்சம் வெட்டுகிறது. 5 கட்டை ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மேல் ஷட்ஜம் 392. 200-லும் 400-லும் வெட்டினால் எதன் பக்கத்தில் வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். மிகக் குறுகலாக வெட்டலாமே என்றால், நம் மின்தொகுப்பின் அதிர்வெண் 50-லேயே அசையாமல் நிற்பதில்லை; அனுமதிக்கப்பட்ட வரம்பே 49.90 முதல் 50.05 வரை. அடியில் 0.1 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் இருபதாவது மடங்கில் 2 ஹெர்ட்ஸ் நகரும், குறுகிய வெட்டு குறி தவறும். அகலமாக வெட்டினால் ஷட்ஜம் மெலியும். தங்கை ஒரு தடவை இப்படிச் சுத்தப்படுத்திய பதிவைக் கேட்டுவிட்டு, "சத்தம் போயிடுச்சுண்ணா, ஆனா நான் எங்கேயோ தள்ளி நின்னு பாடற மாதிரி இருக்கு," என்றாள். ஒலி குறைந்ததும் கதவைப் போல மூடிக்கொள்ளும் 'நாய்ஸ் கேட்' பிளகினும் அப்படித்தான்: இடைவெளியில் மட்டும் மூடும், பாடும்போது ஹம் திரும்ப வரும், வீணையில் ஒரு மீட்டின் கார்வை மெல்லத் தேய்ந்து போவதற்குள் கதவைச் சாத்திவிடும். ஏற்கெனவே பதிவாகிவிட்ட, திரும்ப எடுக்க முடியாத ஒன்றைக் காப்பாற்ற பிளகினை வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் தவறிய பாட்டி பாடிய ஒரு தாலாட்டு என்னிடம் போனில் பதிவாகி இருக்கிறது. அதற்கு அதைத்தான் பயன்படுத்தினேன், நன்றியோடு.

அப்படியானால் யாருக்கு எது? சொந்த வீடோ, பேச்சுக்கு இணங்கும் வீட்டுக்காரரோ இருந்தால் எர்த், ஆர்சிசிபி, அப்புறம் ஒரே போர்டு. எர்த்தைத் தொட முடியாத வாடகை அறை, ஹாஸ்டல் என்றால் பேட்டரியில் பதிவு, வாத்தியத்துக்கு டிஐ, அவ்வளவே. ஆனால் எதைத் தொட்டாலும் சுர்ரென்கிற அறையில் சார்ஜர் மாட்டியபடி மைக் முன்னால் யாரையும் நிறுத்தாதீர்கள். ஸ்பீக்கரில் மட்டும் உறுமல் என்றால் இரண்டு டிஆர்எஸ் கேபிள், அது முடியாவிட்டால் லைன் டிரான்ஸ்ஃபார்மர். குரல் மட்டும், அதுவும் எக்ஸ்எல்ஆர் மைக் மட்டும் பதிவு செய்கிறவருக்கு இதில் எதுவுமே தேவைப்படாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு, அந்த லைன் பிறவியிலேயே பேலன்ஸ்டு. அவர்கள் சோதனையை மட்டும் செய்து பார்த்துவிட்டு மிச்சக் காசை வைத்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு மிஞ்சியிருப்பது வீணை பிக்கப் மட்டும்தான். அது ஒற்றைச் சுருள். காற்றில் இருக்கும் 50 ஹெர்ட்ஸை அது பிடிக்கத்தான் செய்யும். கிட்டாருக்கு இந்தத் தொல்லை தீர கிப்சனில் இருந்த சேத் லவர் 1955-லேயே வழி கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி ஹம்மை மட்டும் கழிக்கிற ஹம்பக்கர். எங்கள் வீணையில் அப்படி ஒன்று பொருத்தும் வரைக்கும், தங்கையை வீணையோடு தரையில் உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சொல்லி, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன். குடம் சமையலறைச் சுவருக்கு முதுகு காட்டி, தண்டி ஜன்னல் பக்கம் நீண்டிருக்கும் ஒரு கோணத்தில் சத்தம் அநேகமாக அடங்கிவிட்டது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜும் ஸ்டெபிலைசரும் இருக்கின்றன. அந்த இடத்தில் தரையில் வெள்ளை டேப்பில் இரண்டு கோடு ஒட்டியிருக்கிறோம், குடத்துக்கு ஒன்று, சுரைக்காய்க்கு ஒன்று. அம்மா வீடு துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைக்கிறார்.